பச்சைப் புள்ளி

அம்மா போன பிறகும் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காகவோ புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் மகள்தான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் ஸ்விட்ச் போர்டே சுவரை விட்டு வந்துவிடும் போலிருந்தது.

“மெதுவாடி,” என்றாள் சித்தி.

“இனிமே என்ன மெதுவா?”

மெஷினுக்கு ஒரு சக்கரம் எப்போதோ போய்விட்டிருந்தது. அதைத் தரதரவென்று வாசல்வரை இழுத்துப் போய்ச் சுவரோரம் நிறுத்தினாள். மெஷினை வாடகைக்கு விட்டவன் வந்து எடுத்துக்கொள்ளட்டும். திரும்பி வந்து அம்மாவின் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றினாள். மூக்கிலிருந்து காதுவரை குழாய் பதிந்த கோடு இரண்டு கன்னத்திலும் இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். அது போகவில்லை. மறுபடியும் அழுத்தித் துடைத்தாள்.

மதியத்துக்குள் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அம்மாவின் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். வந்தவர்கள் முந்தானையாலும் செய்தித்தாளாலும் விசிறிக்கொண்டார்கள். மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை மேலே சீலிங் ஃபேனைப் பார்த்தார். மூன்றாவது முறை வாயைத் திறந்து கேட்டேவிட்டார். தம்பி எழுந்து ஸ்விட்சுக்குப் போனான்.

“போடாதடா. அம்மாவுக்குப் பிடிக்காது,” என்றாள் அவள்.

தம்பி திரும்பி வந்து உட்கார்ந்தான். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். அம்மா எந்த அறைக்குள் நுழைந்தாலும் கை முதலில் ஃபேன் ஸ்விட்சுக்குத்தான் போகும். அணைத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்பாள். கொளுத்துகிற வெயிலில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். வந்து அணைத்துவிட்டுப் போவாள். அப்பா இருந்தவரை அவரும் கத்திப் பார்த்தார். “எனக்குக் காத்து ஆகாது” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நுரையீரல் டாக்டர், அறையில் நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். சமர்த்தாகத் தலையை ஆட்டிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஃபேனை அணைத்தாள்.

அம்மாவின் நுரையீரல் வீட்டில் கெட்டதில்லை. இரண்டு தெரு தள்ளி, இப்போது குடோனாகிவிட்ட கட்டடத்தில், அப்போது பாக்கெட் கால்குலேட்டர் செய்கிற கம்பெனி இருந்தது. அம்மாவுக்கு சால்ட்ரிங் மேசை. நூலை விட மெல்லிய ஒயர்களை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். ஒயர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், ஈயத்தோடு உருகும் பசையின் புகை நேராக மூக்குக்குள்தான் போகும். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் தலைமுடியில் அந்த வாசம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது பிடிக்கக்கூடச் செய்தது. முதலில் இருமல், பிறகு இளைப்பு, பிறகு படுத்துத் தூங்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு தூங்குவது என்று ஒவ்வொன்றாக வந்தது. டாக்டர் அந்த வேலையைப் பற்றிக் கேட்டபோது அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அங்க எத்தனையோ பேர் வேலை பார்த்தாங்க. எல்லாருக்குமா வந்துச்சு?”

அந்தக் கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு கால்குலேட்டர். அதுவும் கழித்துப் போட்டது. இடது ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் எண் தெரியும். விரலை எடுத்தால் போய்விடும். அவளும் தம்பியும் பள்ளிக்கூடக் கணக்கையெல்லாம் ஒரு கையால் அழுத்தி, மறு கையால் தட்டித்தான் போட்டார்கள்.

மகளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கம்பெனி ஆள் எவனாவது அம்மா காதுபட, ஆமாம், எங்களால்தான் என்று ஒரு முறை சொல்ல வேண்டும். முதலாளி எல்லாவற்றையும் விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார். மிச்சமிருந்தது சூப்பர்வைசர் ஒருவர்தான். வேலை தொடங்கவும் முடிக்கவும் விசில் ஊதுவார் என்பதால் பெண்கள் அவருக்கு விசில் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வருஷம் அவள் அவர் வீட்டுக்கே போனாள். அவர் மனைவி வாசலை மறித்துக்கொண்டு, “அவருக்கு அந்தக் கதையெல்லாம் மறந்துபோச்சும்மா” என்றாள். உள்ளே அவர் தொண்டையைச் செருமுவது தெளிவாகக் கேட்டது.

இனி யார் சொல்லி என்ன? அம்மா கேட்கப்போவதில்லை.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே விசில் சார் படியேறி வந்தார்.

சித்தி சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். அவளும் கல்யாணத்துக்கு முன் அங்கே பேக்கிங்கில் இருந்தவள். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஆளைக் கண்டால் முதுகு தானாக நிமிர்கிறது. அதைப் பார்த்ததுமே மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எப்ப?” என்றார் அவர்.

“காலையில சார். டீ குடுன்னாங்க. போட்டுக் கொண்டு வர்றதுக்குள்ள...” சித்தி முடிக்கவில்லை.

அவர் கட்டிலின் தலைமாட்டில் நின்றார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். கைக்குட்டை எடுக்கப்போகிறார், அழுகிற மாதிரி ஏதாவது செய்யப்போகிறார் என்று அவள் நினைத்தாள். கையில் வந்தது ஒரு கால்குலேட்டர். ஓரமெல்லாம் பெயின்ட் போய், விசைகளில் எண்கள் பாதி அழிந்து, வலது மூலையில் ஒரு பூஜ்ஜியத்தோடு அது காத்துக்கொண்டிருந்தது.

“உங்கம்மா கைபட்ட பீஸ் பாப்பா இது,” என்றார். நாற்பது வயதுக்காரியை அந்த ஒரு ஆள்தான் இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறார். “முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பேட்டரி மாத்துறதைத் தவிர வேற எதுக்கும் திறந்ததில்ல. இங்க பாரு.”

நகத்தால் நெம்பிப் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பச்சைப் புள்ளி. ஒவ்வொருத்தியும் தான் செய்த பீஸில் தன் அடையாளத்தை வைக்க வேண்டும். அம்மாவுக்குப் பச்சை நகப்பாலிஷ். அந்தப் பாட்டிலைத் தொட்டதற்காகச் சின்ன வயதில் அவள் அடி வாங்கியிருக்கிறாள்.

“மருந்துக்கடையில ஒண்ணு ஓடுது. மீன்கடையில ஒண்ணு ஓடுது, அவன் அதை மீன் கையாலயே தட்டுறான். திறந்து காட்டுப்பான்னு கேட்டேன். என்னைக் கிறுக்கன்னு நினைச்சிருப்பான். ரெண்டுலயும் பச்சைப் புள்ளி. மத்தவங்க பண்ணினதெல்லாம் எப்பவோ போய்ச் சேர்ந்துடுச்சு. உங்கம்மா பண்ணினது சாகவே மாட்டேங்குது.”

நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அவளோ செல்போன் சர்வீஸ் சென்டரில் முன்மேசையில் இருப்பவள். வாங்கி இரண்டு வருஷம் ஆகாத போன்களைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறவர்களிடம், இனி இது பிழைக்காது என்று தினமும் சொல்கிற வேலை. எல்லாம் சாகும், அவளுக்குத் தெரியும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், இது மட்டும் குத்துக்கல்லாக இருக்கிறது.

“ஓடும் சார். ஏன் ஓடாது? அதுக்கா மூச்சு முட்டிச்சு?”

“அக்கா,” என்றான் தம்பி.

“நீ சும்மா இருடா. சார், அந்த ஹால்ல புகை வெளிய போறதுக்கு ஃபேன் இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“ஓடுச்சா?”

அவர் சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை? மறந்துபோச்சுன்னு இன்னிக்கும் உங்க வீட்டம்மா வந்து சொல்லணுமா? அம்மா முன்னாடி நிக்கிறீங்க. ஓடுச்சா?”

“ஓடல.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் அந்த வாசலில் போய் நின்றாள். இப்போது வந்துவிட்டது. வந்தால் மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறுகிற வழியைக் காணோம். அவர் கையிலிருந்த கால்குலேட்டரை வெடுக்கென்று பிடுங்கிச் சுவரில் ஓங்கி அடித்தாள்.

மூடி ஒரு பக்கம் பறந்தது. நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். வட்டப் பேட்டரி நாற்காலிக் கால்களுக்கு நடுவே உருண்டு, அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் நின்றது.

விசில் சார் மெல்ல முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். மூடியை எடுத்தார். பிறகு தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டித் துழாவிப் பேட்டரியை எடுத்தார். சட்டையெல்லாம் தூசி. கால்குலேட்டரைப் பார்க்காமலே பேட்டரியைப் போட்டு மூடியை அழுத்தினார். கம்பெனியில் பீஸைச் சோதித்த பழக்கத்தில் விரல் தானாக எட்டு விசைக்குப் போய்க் கடகடவென்று தட்டியது. கண்ணாடியில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வரிசையாக எட்டுகள் நின்றன. எந்தக் கோடும் விட்டுப்போகவில்லை.

“வேலை செய்யுது,” என்றார். சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்துகொண்டு என்ன சொல்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“எந்திரிங்க. எந்திரிச்சு வெளிய போங்க.”

அவர் எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“ஃபேனை நான் போடுவேன் பாப்பா. உங்கம்மா போய் அணைச்சுடுவாங்க.”

“பொய்.”

“பொய் இல்லடி,” என்றாள் சித்தி.

அவள் சித்தி பக்கம் திரும்பினாள். சித்தி இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க மேசை ஃபேனுக்கு நேர் கீழ,” என்றார் அவர். “ஈயம் ஆறும்போது காத்து பட்டா சரியா பிடிக்காது. பார்த்தா ஒட்டின மாதிரி இருக்கும், உள்ள ஒட்டியிருக்காது. ரெண்டு மாசத்துல பீஸ் திரும்பி வந்துடும். உங்க வீட்டுல ஒண்ணு இருக்குமே, ஓரத்தை அழுத்திப் பிடிச்சா எரியுறது. அது ஃபேன் ஓடின அன்னிக்குப் பண்ணினது. அதுலேருந்துதான் அணைக்க ஆரம்பிச்சாங்க. வேணாம்மா, புகை அடிக்குதும்மான்னு சொல்லியிருக்கேன். காத்து ஆகாது சார்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.”

“உனக்கும் தெரியுமா சித்தி?”

“பிள்ளைங்ககிட்ட மூச்சு விடாதேன்னு சொல்லிவச்சிருந்தா. தெரிஞ்சா நீ திட்டுவேன்னு பயம் அவளுக்கு.”

திட்டத்தான் செய்திருப்பாள். இப்போதும் திட்ட வேண்டும் போலிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கி, அறிவிருக்காம்மா உனக்கு, மீன்காரன் கணக்குப் போடுறதுக்கா நீ மூச்சை விட்டே என்று ஊர் கேட்கக் கத்த வேண்டும் போலிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் கோட்டோடு, ஒன்றும் தெரியாதவள் போலப் படுத்திருந்தாள். இத்தனை வருஷம் யார் மேல் கோபப்பட வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. இப்போது அதையும் அம்மா கெடுத்துவிட்டாள்.

ஆனால் சர்வீஸ் சென்டரில் உட்காருகிறவளுக்கு, திரும்பி வருகிற பொருளைப் பற்றி ஒரு கேள்வி எப்போதும் உண்டு.

“திரும்பி வந்த பீஸை என்ன பண்ணுவீங்க?”

“புள்ளியைப் பார்ப்போம். யார் செஞ்சதுன்னு.”

“பார்த்துட்டு?”

“அவங்க கூலியில பிடிப்போம்.”

“யாரு பிடிப்பாங்க? முதலாளியா வந்து பிடிச்சாரு?”

அவர் கால்குலேட்டரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்,” என்றார்.

“அப்ப ஃபேனை அணைச்சது யாரு சார்?”

மேல்வீட்டுக்காரர்கூட விசிறுவதை நிறுத்திவிட்டார். விசில் சார் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால்குலேட்டரை அம்மாவின் தலையணை ஓரமாக வைத்தார்.

“இது அவங்ககூடயே போகட்டும் பாப்பா.”

“எடுத்துட்டுப் போங்க.”

“இல்ல, நான்...”

“எடுங்க சார். உங்களுக்கு அப்புறமும் அது ஓடும். அதுக்குத்தானே பண்ணினாங்க.”

அவர் எடுத்துக்கொண்டார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தூசியைத் தட்டாமலே படியிறங்கிப் போனார். இந்த முறை சித்தி எழுந்து நிற்கவில்லை.

வாசலில் வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். “வந்துட்டாங்க அக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கணும்.”

அவள் சுவரோரம் போய் ஃபேனைப் போட்டாள். ரெகுலேட்டரைக் கடைசிவரை திருகினாள். நாள்பட்ட ஃபேன் முனகிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது, இறக்கையிலிருந்து தூசி உதிர்ந்தது, பிறகு வேகம் எடுத்தது.

“அம்மாவுக்குப் பிடிக்காதே,” என்றான் தம்பி.

“ஓடட்டும்.”

வேறு யாரும் கை வைத்துவிடாதபடி அவள் ஸ்விட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றாள். கட்டிலில் அம்மாவின் நெஞ்சுக்கு மேல் போர்வை லேசாக எழும்பி அடங்கியது. மறுபடியும் எழும்பியது.