கடிகாரக் கிட்டங்கியில் மதியச் சாப்பாடு

பொன்மணி படியேறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து நானும் கழற்றினேன். "செருப்போடவே போலாம்மா" என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. தேக்குக் கதவில், அந்தக் காலத்து முதலாளியின் பெயர் பொறித்த செம்புத் தகடு ஒன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பளபளத்தது. அதில் உள்ளங்கையைப் பதித்து ஒரு மூச்சு விடும் நேரம் அசையாமல் நின்றாள். காவலாளி ஏதோ வேண்டுதல் என்று நினைத்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவள் இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இத எங்கன வைக்கணும்?"

"நீங்களே வச்சுக்கோங்கம்மா. போட்டோ எடுக்க வேண்டாமா?"

பதினெட்டு வருசப் பழக்கம், அது. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் ரூமுக்குள் போக வேண்டுமானால் செருப்பு வெளியே, போன் வெளியே. வாசலில் பதித்த செம்புத் தகட்டில் கையை வைத்து உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். செம்பைப் பார்த்தாலே அவள் கை தானாகப் போகும். எவர்சில்வர் கடையில் செம்புக் குடத்தைத் தொட்டுவிட்டு நின்றவளை நானே பார்த்திருக்கிறேன். நான் அவள் புருசன், அதே கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவன். ஆமத்தூரில் முனியராஜ் வேன் என்றால் காலை ஆறரைக்குக் கடிகாரம் வேண்டாம்.

கடிகாரம் என்றால் விருதுநகரில் ஒன்றுதான். பஜாருக்குப் பின்னால் மூன்று மாடிக்கு நிற்கிற கிட்டங்கியும் அதன் நெற்றியில் இருக்கிற வண்டிச்சக்கரம் அளவு கடிகாரமும் இந்த ஊர்க்காரர்களின் திசைகாட்டி. பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் வழி கேட்டால், கிட்டங்கிக்குக் கிழக்கே, கிட்டங்கிக்கு எதிர்த்தாப்பில் என்றுதான் சொல்வார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்வார்கள். எழுபது வருசம் மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கிய கட்டடம். இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் குடும்பத்துப் பெண் யோகேஸ்வரி மேல்மாடியை ஓட்டலாக்கினார். ஐந்து தடவை வெள்ளையடித்தும் சுவருக்குள் ஏறிய காரம் இறங்கவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் நான் நான்கு தும்மல் போட்டேன், பொன்மணி ஏழு. எங்களுக்கு முன்னால் ஏறிய சென்னைக்காரர்கள் இன்னும் தும்மிக்கொண்டிருந்தார்கள். தும்மாமல் மேலே போனவர்கள் யாரும் இல்லை என்று படியோரம் ஒரு பலகையே மாட்டியிருந்தார்கள்.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்றால், எங்கள் மகள் எழில் அங்கே சமையல் பயிற்சியில் இருந்தாள். மதுரையில் கேட்டரிங் முடித்தவள். ஆறு மாதப் பயிற்சி அன்றோடு சரி. யோகேஸ்வரி ஒரு வழக்கம் வைத்திருந்தார். பயிற்சி முடிக்கிற பிள்ளை தன் வீட்டு ஆட்களை அழைத்து, தனக்கு நன்றாக வருகிற சாப்பாட்டை ஆக்கிப் போட வேண்டும். அவரும் அந்த மேசையிலேயே உட்கார்ந்து, அதே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடுவார். பிடித்தால் அன்றைக்கே வேலை. பிடிக்காவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். இதற்கு முன்னால் வந்த நான்கு பேரில் மூன்று பேர் கைகுலுக்கிக்கொண்டு போனவர்கள்.

"கெடைக்கலன்னா என்ன, திங்கக்கெளம அப்பா வேன்ல ஏறிருதேன். சீசன் தொடங்குது, பேக்கிங்குக்கு ஆள் தேடுதாக" என்று எழில் போன வாரம் விளையாட்டாகச் சொன்னாள். அந்த ஒரு பேச்சுக்கு பொன்மணி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தன் மகள் கையில் மருந்து ஒட்டக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்கு இந்த உலகத்தில் பிடிவாதம். ஆறு வருசத்துக்கு முன்னால் பக்கத்து ரூம் வெடித்தபோது பொன்மணி இடது கைத்தோல் சுருங்கியதோடு தப்பித்துவிட்டாள். அவளோடு தினமும் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டுவந்த பாண்டிலட்சுமி தப்பிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டோம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் இருந்த இருப்பே வேறு. வாரத்தில் ஆறு நாள் அவளுக்கு நூல் சேலைதான், ஊக்குக்கூட ஆகாது. அன்றைக்கு மொடமொடவென்று சத்தம் போடுகிற சேலை, தோளில் மூன்று ஊக்கு, கை நிறைய வளையல், காலில் கொலுசு, தலையில் கிளிப்பு என்று கம்பெனியில் தடை செய்த அத்தனையையும் ஒரே உடம்பில் ஏற்றியிருந்தாள். போர்மேன் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். மேல்மாடிக்கு வந்ததும் நடு ஹாலில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடிகார முகத்தை உள்பக்கமிருந்து பார்க்கும்படி ஒரு சுவர் முழுக்கப் பால் கண்ணாடி. முட்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றின. பெரிய முள்ளின் நிழல் எங்கள் மேசை மேல் விழுந்திருந்தது.

"ஏங்க, நெழல் என் தட்டுக்கு வரும்போது மணி எம்புட்டு இருக்கும்?"

"ஒண்ணேகால்னு வையி."

"ஒண்ணேகாலுக்கு என் மக சமையக்காரி" என்றாள். வெட்கமில்லாமல் சத்தமாகவே சொன்னாள். எனக்கும் நெஞ்சுக்குள் மேளம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆம்பிளை என்பதால் தண்ணீரை எடுத்துக் குடித்துக்கொண்டேன்.

எழில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றாள். எங்கள் பிள்ளை மாதிரியே இல்லை. அவளுக்குப் பின்னால் ஒருவர் தட்டு நிறைய எண்ணெய்ப் பரோட்டாவைக் கொண்டுவந்து வைத்தார். மொறுமொறுவென்று பொரிந்து, ஓரம் சிவந்து இருந்தது. அடுத்ததாக எழிலே ஒரு சின்ன எவர்சில்வர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மேசை நடுவில் வைத்தாள். வாளிக்குள் கரண்டி. வெள்ளாட்டுக்கறிச் சால்னா. மூடியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

"ஏட்டி, பரோட்டாவும் சால்னாவும் திங்கவா மூணு மாடி ஏறி வந்தோம்? பஸ் ஸ்டாண்டுல கெடைக்காதா?" என்றாள் பொன்மணி.

"தெரிஞ்சத நல்லா செய்யின்னு மேடம் சொன்னாக. இதுதாம்மா எனக்குத் தெரிஞ்சது. வாளிகூட நாந்தான் கேட்டு வாங்குனேன். பரோட்டாக் கடையில வாளியோடதான வருவாக? வாசத்தப் பாரு. நாலு மணி நேரம் வச்சது."

"மேடம் எங்க?"

"இன்னும் பத்து நிமிசத்துல வாராக. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் ஒரு பரோட்டாவைப் பிய்த்தேன். பொன்மணி என் கையில் ஒரு அடி போட்டாள். "அவுக வந்து தொட்டப்பெறகுதான்." வாளியை மூடித் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். மூடியை மீறி வந்த வாசம் என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். மணி ஒன்று. நிழல் உப்புக் கிண்ணத்தைத் தாண்டியிருந்தது.

பக்கத்து மேசையில் ஒரு பெரிய குடும்பம். பட்டுச்சேலையில் நடுநாயகமாக இருந்த அம்மாளுக்கு அறுபதாவது பிறந்தநாள். சொர்ணலட்சுமி என்று கேக்கின் மேல் எழுதியிருந்தது. அவர் மகன் ராஜபாண்டியனை எனக்கு முகம் தெரியும்; சாத்தூர் ரோட்டில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். விளக்கைக் குறைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கேக்கின் நடுவில் மெழுகுவர்த்தி இருக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் செருகியிருந்தது. பரிமாறுகிறவர் அதன் நுனியில் லைட்டரை வைத்தார்.

சர்ரென்று ஓரடி உயரத்துக்கு வெள்ளைப் பொறி எழுந்தது.

பொன்மணி எழுந்ததை நான் பார்க்கவில்லை. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் ராஜபாண்டியன் உட்பட அந்த மேசையில் பாதிப்பேர் நிஜமாகவே எழுந்து ஓடினார்கள். அவள் தலை முதலில் கதவு மூலைக்குத்தான் திரும்பியது. கம்பெனியில் ஒவ்வொரு ரூமிலும் அந்த மூலையில்தான் மண் வாளியும் தண்ணி வாளியும் இருக்கும். இங்கே ஒரு பூந்தொட்டி நின்றது. அடுத்த நொடி அவள் கண் எங்கள் மேசைக்கு வந்தது. வாளி என்றால் அவளுக்கு ஒரே வேலைதான். மூடியைத் தட்டிவிட்டாள், தூக்கினாள், இரண்டு எட்டு வைத்தாள், கவிழ்த்தாள்.

விளக்கு திரும்பி வந்தபோது கேக்கின் மேல் சால்னா. மேசை விரிப்பில் சால்னா. சொர்ணலட்சுமியின் பட்டு மடியில் ஒரு கறித்துண்டு. பொறி அவிந்து, குழாயின் நுனியில் கொஞ்சம் புகை மட்டும் வந்தது. பொன்மணி காலி வாளியோடு, வெறுங்காலோடு, மூச்சு வாங்க நின்றாள். மூடிய அறைக்குள் தீப்பொறியைப் பார்த்தால் செய்ய வேண்டியதை அவள் ஒரு பிசகும் இல்லாமல் செய்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, எங்கேயாவது ஓடி ஒளியலாம் போலவும் இருந்தது.

"யாரும்மா நீ? கிறுக்கா புடிச்சிருக்கு? எங்கம்மா சேலை என்ன வெலன்னு தெரியுமா?" படிப்பக்கமிருந்து திரும்பி வந்த ராஜபாண்டியன் கத்தினார்.

"சும்மா இருலே" என்றார் சொர்ணலட்சுமி. மடியில் கிடந்த கறித்துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். "கம்பெனி வாசல்ல தீப்பெட்டி கொண்டுவராதேன்னு போர்டு மாட்டிட்டு, இங்கன வந்து என் மூஞ்சிக்கு நேரா பத்த வச்சிருக்க. முதல்ல ஓடுனதும் நீதான்."

யாரோ சிரித்தார்கள். பொன்மணி சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் கையில் இருப்பது என்ன வாளி என்று தெரிந்தது. அவள் முகம் வெளுத்ததை இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். சமையற்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு எழில் வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே யோகேஸ்வரியும் வந்துவிட்டார். எழில் கேக்கைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். நேராக வந்து அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சூடு பட்டுருச்சாம்மா?"

"இல்லட்டி. நான்... பொறியப் பாத்தேன். என்ன செஞ்சேன்னே தெரியலட்டி..."

"சரி, விடு."

"இன்னும் சால்னா இருக்கா எழில்?" என்று யோகேஸ்வரி கேட்டார். கோபமா, கேலியா, அந்தக் குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இல்ல மேடம். அம்புட்டும் இந்த வாளியிலதான் இருந்துச்சு." பொய் சொல்லியிருக்கலாம். உள்ளே போய் அரைமணி நேரத்தில் எதையாவது கலக்கிக்கொண்டு வந்திருக்கலாம். என் மகளுக்கு அது வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்து, "மேடம், ஒரு வாரம் டயம் குடுத்தீகன்னா..." என்று இழுத்தேன். யோகேஸ்வரி மணியைப் பார்த்தார். கையை நீட்டப் போகிறாரோ, குலுக்கப் போகிறாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பொன்மணி வாளியைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள். விழுந்து கிடந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, தன் முந்தானையாலேயே ஒரு துடை துடைத்தாள்.

"உக்காருங்க தாயி" என்றாள். "கவுத்துனாலும் எல்லாம் போயிராது. அடியில கெடக்கு. அரைச்சு விட்ட மசாலாவும் எலும்புச் சாறும் அடியிலதான் நிக்கும். என் மக வச்ச சால்னா அது. ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லுங்க. அப்பறம் அனுப்புறதுன்னா அனுப்புங்க."

வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது மாதிரிதான் சொன்னாள். யோகேஸ்வரி பொன்மணியின் வெறுங்காலைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கரண்டியைத் தேடவில்லை. தட்டிலிருந்து ஒரு பரோட்டாவைப் பிய்த்தார்.

பொன்மணி வாளியை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். அடியில் தங்கியிருந்தது மெல்ல ஒரு பக்கமாக வந்து சேர்ந்தது. யோகேஸ்வரி கையை உள்ளே விட்டு வழித்து வாயில் போட்டார். மென்றார். எழில் தொப்பியைக் கழற்றிக் கசக்கிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு இன்னொரு துண்டு பிய்த்தார். அவர் கை மறுபடியும் வாளிக்குள் போனது. பொன்மணி வாளியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.