முதலாளிக்கு ஓர் அழைப்பிதழ்

யோகத்தின் புத்தியை எதைக் கொண்டு அடிப்பது? நாடகம் என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும், அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். முப்பது வருஷமாகச் சிங்கப்பூர் ஈசூனில் நாடகக் குழு நடத்துகிறவளுக்கு இதைவிட்டால் வேறு நினைப்பே கிடையாது.

இந்த வருஷ நாடகம், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்க் கூலிகளைப் பற்றியது. தலைவன் வேஷத்துக்கு முதலில் வந்தவன் வங்கியில் வேலை பார்க்கும் நிதீஷ். மூட்டை தூக்கச் சொன்னால் லேப்டாப் பையைத் தூக்குகிறவன் மாதிரி நின்றான். அப்புறம் வந்தான் மருதப்பன், கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன். ஒரே ஒரு வசனம்தான் பேசினான், எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். வேஷம் அவனுக்குப் போயிற்று.

"ஊர்ல என்னை ஒருத்தரும் மேடையேத்தல அக்கா. இந்த ஒரு தடவை நடிச்சுட்டேன்னா போதும்," என்பான்.

ஒத்திகைக்காக மூன்று தடவை வயிற்றுவலி என்று பொய் சொல்லி எம்சி, அதாவது டாக்டர் சீட்டு வாங்கி மருத்துவ லீவு, எடுத்திருந்தான். அதை யோகத்திடம் சொல்லியும் இருந்தான். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. 'எங்கள் கதாநாயகன் தங்கள் ஊழியர். தாங்கள் வந்து பொன்னாடை ஏற்க வேண்டும்' என்று அவன் கம்பெனி முதலாளிக்கே அழைப்பிதழ் அனுப்பினாள், மகராசி. கூடவே ஒத்திகைப் படம், படத்துக்குக் கீழே தேதி வேறு!

மறுநாளே கம்பெனி ஆபீசிலிருந்து மோகனப்பிரியா என்ற பெண் போன் செய்தாள்.

"தேங்க்ஸ் லா ஆன்ட்டி. அந்த டேட்ல அவர் எம்சில இருந்தாரு. பாஸ் ரொம்ப ஆங்ரி. வொர்க் பெர்மிட் கேன்சல் பண்ணிட்டாங்க, ஊருக்கு அனுப்புறாங்க."

 யோகம் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாடகத்தன்று காலையில் அவனுக்கு விமானம். வழியனுப்ப சாங்கி விமான நிலையத்துக்குப் போனாள்.

"யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க அக்கா," என்றான் மருதப்பன். "நிதீஷாத்தான் இருக்கும். வேஷம் போச்சுன்னு என்மேல காண்டு அவனுக்கு."

சொல்லடி பாவி, இப்போதாவது சொல் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்தாள். பயமாக இருந்தது.

"இருக்கலாம் தம்பி," என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்த ஊர்ல எனக்கு நல்லது நெனச்சது நீங்க ஒருத்தர்தான் அக்கா," என்று குனிந்து அவள் காலைத் தொட்டான்.

யோகம் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வாதமும் செய்தாள்.