ஞாயிறு விருந்தினர் உணவு

அப்பா வீட்டு அடுப்பின் குமிழைத் திருகி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, காகிதம் கருகும் வாசனை வந்தது. லொரெய்ன் இறைச்சி அடைத்த சாஸேஜ் ரோல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுப்பின் கதவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சி வேகும் பெரிய தகரத்தட்டு உள்ளே இருந்தது. அதில் இறைச்சிக்குப் பதிலாக ஒரு பழுப்பு உறை. அதன் மூலை சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்தாள். துணியைச் சுற்றித் தட்டை வெளியே இழுத்தாள். உறையைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். உறையின்மேல் ஊர் நிர்வாகமான கவுன்சிலின் முத்திரை. பதினெட்டு வருடமாக அவளுக்குச் சம்பளம் கொடுத்துவரும் முத்திரை.

முன்னறையிலிருந்து கணவன் கீத்தின் தலை எட்டிப்பார்த்தது.

“நடைச் சங்கத்துக்காரங்க இன்னும் வரலையே. நாற்காலியெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது.”

“வருவாங்க. தகனத்துக்கு வர முடியலேன்னா வீட்டுக்காவது வருவாங்க.”

“நடந்து வர்றாங்களோ என்னமோ,” என்றான் கீத். அவனுக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. கறுப்பு டையைத் தளர்த்திக்கொண்டு போய்விட்டான்.

லொரெய்னின் அப்பா ரெஜ் ஹாலிவெல் முப்பத்தோரு வருடம் இந்த ஊரில் பேருந்து ஓட்டியவர். ஒன்பது நாளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நாற்பத்து மூன்றாம் எண் பேருந்தின் மாடியில், முன்வரிசை ஜன்னலோரத்தில் செத்துப்போனார். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர்ப் பெண் மேலே வந்து, தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டிருக்கிறாள். மடியில் தேநீர்க் குடுவை இருந்ததாம். அப்பா சங்கத்தோடு குன்றில் நடந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்திருப்பார் என்று லொரெய்ன் எல்லோரிடமும் சொன்னாள். எழுபத்தெட்டு வயதில் குன்று ஏறியவர். காலையில் தகன மண்டபத்தில் அவள் வாசித்த புகழுரையிலும் அந்தக் குன்று இரண்டு முறை வந்தது.

நடைச் சங்கம் ஏழு மாதப் பழக்கம். வசந்தத்தில் ஒருநாள் அப்பா தொலைபேசியில் சொன்னார்: “இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்க வேண்டாம் கண்ணு. நான் நடைச் சங்கத்துல சேர்ந்துட்டேன். பதினோரு மணிக்குக் கிளம்பினா நாலு ஆயிடும்.” இருபது வருடமாக ஞாயிறு தவறாமல் அப்பா வீட்டில் சாப்பிட்ட லொரெய்னுக்கு முதலில் கொஞ்சம் கோபம் வந்தது. பிறகு, ஊருக்கு வெளியே ஒரு உணவகத்தில் வெந்த இறைச்சியைக் கண்ணெதிரே வெட்டித் தட்டில் போடுகிறார்கள் என்று கண்டுபிடித்ததும் கோபம் அடங்கியது. அதற்கு முந்தைய ஆறு மாதமாக அப்பாவின் சமையலிலும் சுரத்தில்லை. மாட்டிறைச்சி கோழியானது. கோழி சின்னக் கோழியானது. “அடுத்த வாரம் சிட்டுக்குருவியா ரெஜ்?” என்று கீத் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

உறைக்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. மேலே இருந்தது கவுன்சில் கடிதம். அதைப் படிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. எழுதியவளே அவள்தான்.

வாடகை மானியம் வாங்குகிற ஏழைக் குடும்பங்களுக்கு அது போதாமல் போகும்போது, வாடகைக்கும் கவுன்சில் வரிக்கும் மேல்கொண்டு கொடுக்க ஒரு தனி நிதி உண்டு. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பிரிவில்தான் லொரெய்ன் வேலை பார்த்தாள். ‘இல்லை’ என்று சொல்லும் கடிதம் முன்பெல்லாம் நான்கு பக்கம், ஒருவருக்கும் புரியாது. மூன்று வருடத்துக்கு முன் அவள் அதை ஒரே பக்கமாக்கினாள். மாவட்ட அளவில் எளிய மொழிநடைக்கான பரிசு அதற்குக் கிடைத்தது. கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு கண்ணாடிக் கோப்பை. சுடர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பரிசு வாங்கிய வார ஞாயிறன்று, இதே வீட்டில், இறைச்சிக்கும் இனிப்புக்கும் நடுவில் எழுந்து நின்று அவள் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். ‘உங்கள் சூழ்நிலையைக் கவனமாகப் பார்த்தோம். உங்கள் செலவுகளில் கீழ்க்கண்டதை நீங்கள் நியாயமான அளவில் குறைத்துக்கொள்ள முடியும் என்று நினைக்கிறோம்.’ அதற்குக் கீழே ஒரு காலி இடம். அந்தந்த ஆளுக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்ளலாம். அந்தக் காலி இடம்தான் புதுமை என்று நடுவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள்.

அப்பா கைதட்டினார். பிறகு கேட்டார், “வருத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே கண்ணு?”

“முன்னாடி இருந்துச்சுப்பா. நான்தான் எடுத்தேன். படிக்கிறவங்களுக்கு அது டைம் வேஸ்ட்.”

“ஓ,” என்றார் அப்பா. “அப்படியா. சரிதான்.”

இப்போது அவள் கையிலிருந்த கடிதத்தில் காலி இடம் நிரப்பப்பட்டிருந்தது. ‘ஞாயிறு விருந்தினர் உணவு.’ கீழே சக ஊழியை டெனிஸின் முதலெழுத்துகள். தேதி, மார்ச் மாதம்.

இரண்டாவது காகிதம் அப்பா அனுப்பிய விண்ணப்பத்தின் நகல். காரணம் என்ற இடத்தில், ‘வாடகை உயர்வு.’ வாரச் செலவுப் பட்டியல் முழுக்க, வழித்தடப் பலகையில் எழுதுவதுபோலப் பெரிய எழுத்தில். முடிவெட்டுவது, சோப்பு, விளக்கு. மறைக்கத் தெரியாத மனிதர். இறைச்சி வாங்கிய காசைக்கூட ‘உணவு’ என்ற பொது வரியில் கலக்காமல் தனியாகப் போட்டிருந்தார். ‘விருந்தினர்: மகள், மருமகன். ஞாயிறு.’ அப்படிப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று அலுவலகத்தில் டீ குடிக்கும்போது டெனிஸும் அவளும் பேசிச் சிரித்ததுண்டு.

விண்ணப்பத்தின் அடியில் ஒரு கேள்வி: ‘உங்கள் உறவினர் எவரேனும் கவுன்சிலில் பணிபுரிகிறாரா?’ அப்பா ‘இல்லை’ கட்டத்தில் குறி போட்டிருந்தார். மற்ற குறிகளெல்லாம் லேசாக இருந்தன. இது மட்டும் தாளைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயரில் ஹாலிவெல் இல்லை. டெனிஸுக்குத் தெரிய வழியில்லை.

“கிடைச்சிடுச்சா?”

பக்கத்து வீட்டு பெரில் பின்வாசல் வழியாக வந்து நின்றாள். கையில் அவள் வீட்டு டீப்பாத்திரம், கம்பளிக் குல்லாய் போட்டிருந்தது. பாத்திரத்துக்குத்தான் குல்லாய். பெரில் தலை நனைந்திருந்தது.

“உங்களுக்குத் தெரியுமா?”

“அடுப்புக்குள்ள வெக்கச் சொல்லி உங்கப்பாகிட்ட சொன்னதே நான்தான். உன் பொண்ணு இந்த வீட்டுல திறக்காத ஒரே கதவு அதுதான்னேன்.” பெரில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். “கோவிச்சுக்காத கண்ணு. நான் அப்படித்தான் பேசுவேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. வாடகை ஏறினதுகூட எனக்குத் தெரியாது.”

“எப்படிச் சொல்வாரு? பொண்ணு அந்த ஆபீஸ்ல பெரிய ஆளு. அப்பன்காரன் கைநீட்டினான்னு அங்க நாலு பேர் பேசினா?” பெரில் குரலைத் தாழ்த்தினாள். “கடுதாசி வந்த அன்னிக்கு எங்கிட்ட கொண்டுவந்து காட்டினாரு. ‘நல்லா எழுதியிருக்கா பாத்தியா, எம்பொண்ணு எழுதினது’ன்னாரு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

“ஒரு மாசத்துக்குள்ள மறுபடியும் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே. கடிதத்துலயே இருக்கே.”

“ஆமா, தெளிவா இருக்கு. நானே எழுதிக் குடுத்தேன், கையெழுத்து மட்டும் போடுன்னேன். மாட்டேன்னுட்டாரு. ‘தப்புன்னு சொன்னா எம்பொண்ணு கடுதாசியைத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிடும் பெரில்’னாரு. குறைச்சுக்கச் சொல்றாங்க, குறைச்சுக்கறேன்னு போயிட்டாரு.”

முன்னறையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பேருந்துப் பணிமனையிலிருந்து வந்த மூன்று கிழவர்களில் ஒருவர் இருமினார்.

லொரெய்ன் மெல்லக் கேட்டாள். “நடைச் சங்கம்?”

பெரில் டீக் கோப்பைகளை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“கிழவங்களுக்கு பஸ்ஸுல டிக்கெட் காசு கிடையாது இல்லையா. உள்ள கதகதப்பா இருக்கும். நாற்பத்து மூணுல ஏறுவாரு. அந்தப் பக்கம் போவாரு, இந்தப் பக்கம் வருவாரு. நாலு மணி வரைக்கும். வீட்டுல இருந்தா நீங்க திடீர்னு வந்து நின்னுடுவீங்களோன்னு பயம்.” பிறகு கொஞ்சம் சமாதானமாக, “மாடியில முன்சீட்டு. ஓட்டற மாதிரியே இருக்கும்னு சொல்வாரு.”

ஏழு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட லொரெய்னும் கீத்தும் திடீரென்று வந்து நின்றதில்லை. பெரிலுக்கும் அது தெரியும்.

“லொரெய்ன், லொரெய்ன், நீங்க ஏன் வேலை செய்யறீங்க? இன்னிக்காவது?”

பிரிவின் தலைவர் மிஸ்டர் ப்ளூம் சமையலறைக்குள் வந்தார். அலுவலகத்தின் சார்பில் வெள்ளைப் பூக்களோடு தகனத்துக்கு வந்திருந்தார். துக்கத்துக்கென்று தனிக் குரல் வைத்திருப்பவர். நிதி வெட்டை அறிவிக்கும்போதும் அதே குரல்தான். அவர் முழுதாக உள்ளே வருவதற்குள் லொரெய்ன் காகிதங்களை உறையில் திணித்து, உறையைத் தகரத்தட்டில் போட்டு, தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தாள். எவ்வளவு சுலபமாக அது நடந்தது என்பதில் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

“அருமையான மனிதர்,” என்றார் ப்ளூம், ரெஜ்ஜை ஒருமுறைகூடப் பார்த்திராதவர். “நீங்க வாசிச்சதுல எல்லாம் தெரிஞ்சுது. அந்தக் குன்று. உழைப்பு. யார்கிட்டயும் கையேந்தாத தலைமுறை. அப்படிப்பட்டவங்க இப்ப ஏது?”

பெரில் டீயை ஊற்றினாள்.

“உங்க கடிதத்தை இப்போ இன்னும் ரெண்டு மாவட்டத்துல கேக்கறாங்க, தெரியுமா? சொல்ல வேண்டாம்னு நினைச்சேன், ஆனா இப்படிப்பட்ட நாள்ல ஒரு நல்ல செய்தியும் வேணும் பாருங்க.” ஒரு சாஸேஜ் ரோலை எடுத்துக்கொண்டார். “அப்பா அதைப் படிச்சிருப்பாரே?”

லொரெய்ன் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம். இந்த அடுப்பைத் திறந்து, இந்தாருங்கள் என்று கொடுத்துவிடலாம். காலி இடத்தில் என்ன இருக்கிறதென்று அவரே பார்க்கட்டும். அவருக்கு ஒரு கணம் சங்கடமாக இருக்கும். பிறகு விதிகள் நினைவுக்கு வரும். உறவினர் பற்றிய கேள்விக்கு விண்ணப்பதாரர் பொய் சொல்லியிருக்கிறார் என்பது கண்ணில் படும். அப்பாவின் மேல் ஒரு விசாரணைக் கோப்பு திறக்கப்படும்.

அவள் அப்பாவுக்காகத்தான் தயங்கினாளா என்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் உண்மையில்லை.

“படிச்சாரு,” என்றாள் பெரில். “ரொம்ப கவனமா படிச்சாரு.”

“பாத்தீங்களா. நாம யாருக்காக எழுதறோமோ அந்தச் சாதாரண வாசகர்.” ப்ளூம் முகம் மலர்ந்து லொரெய்ன் பக்கம் திரும்பினார். “என்ன சொன்னார்?”

பெரிலும் அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. பதிலுக்குக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

“புரிஞ்சுதுன்னு சொன்னார்,” என்றாள் லொரெய்ன்.

“அதான். அதைவிட என்ன வேணும்?” ப்ளூம் ரோலைக் கடித்தார். மென்றார். முகத்தில் ஒரு சின்னத் தயக்கம். “கொஞ்சம் ஆறிப்போச்சு. பரவாயில்லை, பரவாயில்லை.”

பெரில் டீத்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். போகிற வழியில் லொரெய்னின் முழங்கையை லேசாகத் தொட்டாளா, தட்டு உரசியதா என்று தெரியவில்லை. கீத் உள்ளே வந்தான்.

“சங்கத்துக்காரங்க வர மாட்டாங்க போலிருக்கு. அவங்ககூட ஏழு மாசம் நடந்திருக்காரு மனுஷன், ஒருத்தனுக்கும் மனசு வரல பாரு. நன்றிகெட்ட ஜென்மங்க.”

“ஆமா,” என்றாள் லொரெய்ன்.

“அந்த நாற்காலியெல்லாம் மடிச்சுடறேன். இந்த ரோல் ஏன் ஜில்லுனு இருக்கு? நீ சூடு பண்ணப் போறேன்னுதானே வந்தே? தள்ளு, நான் அடுப்பைப் பத்த வெக்கறேன்.”

“வேண்டாம்.”

“ரெண்டு நிமிஷம்தான் லொரெய்ன். பணிமனை ஆளுங்க மழையில நனைஞ்சு வந்திருக்காங்க.”

“அப்பா அதை ரொம்ப நாளா உபயோகிக்கல.”

“அதனால என்ன, கெட்டா போயிருக்கும்?”

கீத் குமிழுக்குக் கையை நீட்டினான். லொரெய்ன் ரோல் தட்டை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு, அவனுக்கும் அடுப்புக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“அப்படியே கொண்டுபோய்க் குடு,” என்றாள்.

கீத் மிஸ்டர் ப்ளூமைப் பார்த்தான். ப்ளூம், துக்கத்தில் இப்படியெல்லாம் வரும் என்கிற மாதிரித் தலையை அசைத்தார். தட்டை வாங்கிக்கொண்டு கீத் போனான். ப்ளூமும் இன்னொரு ரோலை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனார்.

லொரெய்ன் நகரவில்லை. முன்னறையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் கேட்டது. முதுகுக்குப் பின்னால் அடுப்பின் கதவு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.