கொட்டச்சேடு சாம்பிள்

சோதனை மெஷினின் திரையில், கோட்டில் அந்த முகடு மறுபடியும் எழுந்தது. தடை செய்யப்பட்ட பூச்சிமருந்து இருந்தால் முகடு எழும் அதே இடம். பானு நகத்தைக் கடித்தாள்.

கொட்டச்சேடு எஸ்டேட் காபி. கொண்டு வந்தவன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் யுவராஜ். இந்த லோடு பாஸானால், வாங்கும் கம்பெனி அவனைச் சிக்மகளூருக்கு சூப்பர்வைசராக அழைத்துக்கொள்ளும். ஃபெயிலானால் இங்கேயேதான் இருப்பான். சாம்பிள் பையோடு இந்த ஏற்காடு லேபுக்கு வருவான். அவள் இஞ்சி டீ கொடுப்பாள். அவர்களுக்குள் அவ்வளவுதான். அவளுக்கு அது போதவில்லை.

ஃபெயில் என்று எழுத ஒரு கையெழுத்து போதும். யாரும் கேட்கப்போவதில்லை.

போனை எடுத்தாள்.

“ஏனுங்க யுவராஜ், மருந்து அடிச்சீங்களா?”

“சத்தியமா இல்லீங்க மேடம்!”

மருந்து இல்லையென்றால் வேறேதோ கலந்திருக்க வேண்டும்; அங்கே காபியோடு விளைவது மிளகு. “மிளகு எங்க காயப் போட்டீங்க?”

“காபி காயுற அதே களத்துலதானுங்க. மழை வந்துச்சு, ரெண்டையும் ஒரே தார்ப்பாய்ல அள்ளுனோம். ஏனுங்க, மிளகு வெசமுங்களா?”

“ரசத்துல போடுறதுதானுங்க. பயப்படாதீங்க.”

வெறும் மிளகை அரைத்துச் சாறெடுத்து மெஷினில் விட்டாள். அதே இடத்தில் அதே முகடு!

அப்படியானால் மிளகை நீக்கிவிட்டுத்தான் காபியைப் பார்க்க வேண்டும். மிளகின் காரத்தைப் பிடித்து வைக்கும் வடிகுழல் வழியே சாம்பிளை இறக்கினாள். கூடவே மருந்தும் சிக்கிக்கொண்டால்? சாம்பிளில் பாதியில் வேண்டுமென்றே மருந்தைக் கலந்து, அதையும் இறக்கினாள். கலந்த மருந்து குறையாமல் வெளியே வந்தது. கலக்காத பாதியிலோ, கோடு தட்டை.

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தட்டை. இன்னொரு தடவை. சே! தட்டையேதான்.

பாஸ் என்று கையெழுத்திட்டாள்.

சேதி கேட்டு யுவராஜ் ஓடி வந்தான். “நொம்ப தேங்க்ஸுங்க மேடம்! ஊட்டுல பெட்டி கட்டியாச்சு.”

“அவ்வளவு அவசரமுங்களா?”

“ஜீப்பு நிக்குதுங்க.”

வாசல்வரை போனவனை அவள் குரல் நிறுத்தியது.

“இருங்கன்னு சொன்னா இருப்பீங்களா?”

திரும்பினான். சிரிப்பு அடங்கியது. “இத மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே, பானு.”

மேடம் இல்லை. முதல் தடவையாகப் பெயர்.

“கேட்டிருந்தா, இந்த ரிசல்ட்ட நானே நம்பியிருக்க மாட்டேனுங்க.”

ஜீப் ஹாரன் அடித்தது. அவன் ரிப்போர்ட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“கம்பெனிக்கு வர்றேன்னு வாக்கு குடுத்துட்டனுங்க” என்றான். போய்விட்டான்.

பானு அடுத்த பையைப் பிரித்தாள். தலைச்சோலை எஸ்டேட் காபி. கொண்டு வந்தது யாரென்று பார்க்கத் தோன்றவில்லை.