நிறுவனம் அ

"எடுத்துடு பாப்பா. மரியாதையா சொல்றேன், அந்த ஏழாம் பக்கத்தை—"

"எங்கயாவது உன் பேரு இருக்கா? இல்ல, கம்பெனி பேராவது—"

"பாட்டில் மூடி செய்யற கம்பெனி இந்த ஊர்ல எத்தனை இருக்கு? பச்சைக்குழந்தை கூடக் கண்டுபிடிச்சிடும்."

"கண்டுபிடிக்கட்டும்."

வணிக நிர்வாகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு தொடங்கும் முன் நான்கு தாள்களில் தேற வேண்டும். வீட்டில் இன்னும் பாப்பா என்று அழைக்கப்படும் அந்த நாற்பத்தேழு வயதுக்காரி மூன்றைத் தாண்டிவிட்டாள். நான்காவது தாளுக்கு ஒரு நிறுவனத்தை ஆராய்ந்து எழுதி, வகுப்பில் வாசிக்க வேண்டும். வாசிக்க இன்னும் அரை மணி இருந்தது. அவள் எழுதிய 'நிறுவனம் அ' அப்பா தொடங்கிய ஆலை. அதன் இன்றைய முதலாளியான அண்ணன், வகுப்பறையின் காலி நாற்காலிகளுக்கு நடுவே வியர்த்து நின்றான்.

பத்தொன்பது வருஷம் அங்கே தர சோதனை அவள் கையில் இருந்தது. அப்பா இறந்த மாதமே அண்ணன் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினான். எல்லாம் பேங்குக்குத்தான், படிச்சுக்கிட்டு உக்காராதே, கையெழுத்தைப் போடு என்றான். அவளும் போட்டாள். அந்தக் கட்டின் நடுவில் அவளுடைய ராஜினாமா இருந்தது. திங்கட்கிழமை வாசல் காவலாளி, மேடம், பட்டியல்ல உங்க பேரைக் காணோமே என்று தலையைச் சொறிந்தபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது.

பிறகு அண்ணன் சோதனை மேசையையே எடுத்துவிட்டான். ஒழுகும் மூடிகள் புது லேபிளோடு வெளியே போயின. தொழிலாளிகள் சொன்ன அந்தக் கதைதான் ஏழாம் பக்கம். இன்று மதிப்பெண் போட வந்திருக்கும் வெளித் தேர்வாளரோ, அவனிடம் மூடி வாங்கும் மருந்துக் கம்பெனியின் தர அதிகாரி.

ஆலையைப் பத்தி எழுத நான் சம்மதமே தரலையே என்றான் அண்ணன். அவள் சம்மதப் படிவத்தைக் காட்டினாள். கையெழுத்து அவனுடையதுதான். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துக் கோப்பைப் புரட்டுவது அவன் பழக்கம். அதில் பதினெட்டாவது தாளாக இதைச் சேர்க்க ஆபீசில் ஒரே ஒருவரிடம் சொன்னதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"ஏமாத்திட்டியே."

"உன்கிட்ட கத்துக்கிட்டதுதான். இங்க அதுக்குக் களப்பணின்னு பேரு."

அவன் குரல் இறங்கியது. நாளைக்கே வா, உன் நாற்காலி அப்படியே இருக்கு என்றான். அதுல உன் மச்சான் ஆறு மாசமா தூங்கறானே, அவனை எழுப்பணுமா என்று கேட்டாள்.

அப்போதுதான் படிவத்தின் அடியில் இருந்த வரி அவன் கண்ணில் பட்டது: வாசிப்பதற்கு முன் சம்மதத்தை விலக்கிக்கொள்ளலாம். அவன் முகம் தெளிந்தது. விலக்கினா நீ பெயில், தெரியுமில்ல என்றான். தெரியும், ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதுவேன் என்றாள். பையிலிருந்து விலகல் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

அதில் மூன்றே வரிகள். நிறுவனம் அ எங்கள் ஆலையே. ஏழாம் பக்கம் உட்பட இந்த ஆய்வு வெளிவரக் கூடாது. காரணம் எழுதுக. கீழே சின்ன எழுத்தில்: நகல், வெளித் தேர்வாளருக்கு.

வராந்தாவில் செருப்புச் சத்தம் நெருங்கியது. அவள் பேனாவின் மூடியைக் கழற்றி, அவன் விரல்களுக்கிடையே வைத்தாள்.

"இந்தத் தடவையாவது படிச்சுட்டுப் போடுண்ணா."