முன்பாதி மட்டும் போதுமாம்

ஹோட்டல்காரர் டேப்பை இழுத்து எங்கள் காரை மூக்கிலிருந்து முன்கண்ணாடி வரை அளந்தார்.

"முன்பாதி மட்டும் போதும் சார். ஹெட்லைட், கிரில், பானட். இதோட அறுத்துடலாம்" என்று கதவுக்கு முன்னால் விரலால் ஒரு கோடு கிழித்தார். "அதுக்குப் பின்னாடி ஹோட்டல் கல்லாவைப் போட்டோம்னா, போட்டோ எடுக்கவே கூட்டம் வரும்."

அண்ணன் தலையாட்டினான். எங்கள் இருவர் பெயரிலும் இருக்கும் வண்டி அது. எங்களைவிட வயதில் மூத்தது. இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் கேக் மாதிரி வெட்டுவதற்கு அளவெடுக்கிறார்கள்.

"வெள்ளிக்கிழமை புகை டெஸ்ட் இருக்கு. அதுல பாஸானா வண்டியைக் கொடுக்க மாட்டோம்" என்றேன்.

"ரெண்டு தடவை ஃபெயிலாயிடுச்சு. மூணாவது தடவையும் ஃபெயிலானா ரோட்டுல எடுக்கவே விட மாட்டாங்க. அப்புறம் வீட்டுல வச்சு தினம் தொடச்சிட்டு இருக்கப் போறியா?" என்றான் அண்ணன். பிறகு ஹோட்டல்காரரிடம் திரும்பி, "நல்லா ஓடிட்டிருந்த வண்டி சார். என் தங்கச்சி கார்புரேட்டர்ல கை வச்சா. அதோட சரி" என்றான்.

வெளியாள் முன்னால் வைத்துச் சொன்னான். ஹோட்டல்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அந்த வண்டியை ஓட வைக்க வேண்டும் என்று தோன்றியது.

நான் கை வைத்தது உண்மைதான். சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துபோகிறது என்று ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பினேன். அவ்வளவுதான். அந்தத் திருகு என்ன செய்யும் என்று தெரிந்தால் யாரும் என்மேல் பழி போட மாட்டார்கள். ஆனால் அண்ணனுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது?

கார்புரேட்டர் ஒன்றும் மாயமந்திரம் இல்லை. இன்ஜின் மூச்சு இழுக்கிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான தொண்டை வழியாகப் போகிறது. குறுகலில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்கு, பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தானாக ஏறி வரும். இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிற மாதிரி. எவ்வளவு பெட்ரோல் வரலாம் என்று தீர்மானிப்பது வழியில் இருக்கும் ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவே மெல்லிய துளை. அதற்கு ஜெட் என்று பெயர். வண்டி ஓடும்போது இந்த வழி. வண்டி சும்மா நின்று உறுமும்போது வேறொரு சின்ன வழி. நான் தொட்ட திருகு அந்தச் சின்ன வழிக்கு மட்டும்தான் காவல்.

இப்போது எங்கள் வண்டியைக் கவனியுங்கள். சும்மா நிற்கும்போது சைலன்சரில் புகையே இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால்தான் கறுப்பாகக் கக்குகிறது. அதாவது என் திருகு ஆளும் இடத்தில் குற்றமில்லை, அது ஆளாத இடத்தில்தான் குற்றம். சமையலறைக் குழாயைத் திருகியவளைப் பார்த்து, மாடித் தொட்டி வழிவதற்கு நீதான் காரணம் என்றால் எப்படி இருக்கும்?

"ஆக்சிலேட்டர்ல காலை வைக்காம ஒரு நிமிஷம் பாரேன் அண்ணா" என்று கெஞ்சிப் பார்த்தேன். அவன் ஏறி உட்கார்ந்து ஓங்கி மிதித்தான். சுவரெல்லாம் கரி.

"பாத்துட்டேன். போதுமா?" என்று இறங்கிப் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை அவன் வேலைக்குக் கிளம்பியதும், அண்ணி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"உங்க அண்ணன் கேட்டா, நான் தூங்கிட்டிருந்தேன்னு சொல்லிடு."

"நீங்களும் வாங்க அண்ணி. டார்ச் பிடிக்க ஆள் வேணும்."

"டார்ச்தான் பிடிப்பேன். கறை படுற வேலை எதுவும் சொல்லாதே."

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனியெல்லாம் உலர்ந்த கரி. விரலால் தொட்டால் கண்மை மாதிரி ஒட்டியது. ஈரமாகப் பிசுபிசுத்தால் ஆயில் எரிகிறது என்று பயப்பட வேண்டும். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை. ஆக, இரண்டே கேள்விகள். காற்றை யார் தடுக்கிறார்கள்? இல்லையென்றால், பெட்ரோலை யார் அள்ளிக் கொடுக்கிறார்கள்?

காற்றிலிருந்து ஆரம்பித்தேன். ஏர் ஃபில்டரை வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புவதற்காகக் காற்று வழியை மூடும் சோக் தகடு, முழுசாகத் திறந்தே இருந்தது.

"அப்போ காற்றுமேல தப்பில்ல" என்றாள் அண்ணி. அவளுக்கும் ருசி தட்டிவிட்டது. "பெட்ரோல் பக்கம் போ."

கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே ஒரு மிதவை. தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலை. காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சத்தமில்லை. மிதவையைத் தூக்கிப் பிடித்துக் குழாயில் வாய்வைத்து ஊதினேன். காற்று போகவில்லை, வால்வு ஒழுங்காக மூடுகிறது.

கடைசியாக ஜெட். பக்கவாட்டில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். இந்த இன்ஜினுக்கு என்ன எண் வேண்டுமோ அதேதான். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் வண்டி கரி கக்குகிறது. அப்படியென்றால் அண்ணன் சொன்னதுதான் சரியோ?

"இதை மட்டும் என்ன இப்படி மினுக்கி வச்சிருக்காரு?" என்று அண்ணி டார்ச்சை ஜெட்டின்மேல் அடித்தாள். "குத்திக் குத்தியே பளபளன்னு ஆக்கிட்டாரு."

"யாரு குத்தினது?"

"வேற யாரு? உங்க அண்ணன்தான். ஞாயித்துக்கிழமை ஆனா போதும், இதைக் கழட்டி அடுப்புப் பின்னை விட்டுக் குடைவாரு. என் அடுப்புக்கு வாங்கின பின்னு. கேட்டா, அடுப்புக்கு வேற வாங்கிக்கோங்கிறாரு. புகை வர ஆரம்பிச்சதும் இன்னும் ஜாஸ்தி. அடைப்பு, அடைப்புன்னு ஒரே குடைச்சல்."

நான் டார்ச்சைப் பிடுங்கி ஜெட்டின் துளைக்குள் அடித்துப் பார்த்தேன்.

அடுப்புப் பின் என்பது தகரத் துண்டில் செருகிய எஃகுக் கம்பி. அடுப்பின் துளை கொஞ்சம் பெரிதானால் தீ கொஞ்சம் கூட எரியும், குடி முழுகாது. ஜெட் அப்படியா? பித்தளை மெத்தென்ற உலோகம், எஃகு கடினம். குத்தும்போதெல்லாம் துளை துளியளவு தேயும். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால், உள்ளே வரும் பெட்ரோல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். துளை எவ்வளவு பெரிதானாலும் பக்கத்தில் பொறித்த எண் மட்டும் மாறாது. அதை நம்பித்தான் நானும் ஏமாந்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அடைப்பு இருந்தால் பெட்ரோல் குறையும், புகை வராது. அவன் புகையைப் பார்த்து அடைப்பு என்று குத்தியிருக்கிறான். குத்தக் குத்தப் புகை. புகை வந்தால் மறுபடி குத்து. நடுவில் பழி எனக்கு!

உதிரிபாகக் கடைக்குப் போய் அதே எண்ணில் புது ஜெட் வாங்கி வந்தேன். மெல்லிய கம்பி ஒன்றைப் புது ஜெட்டில் விட்டேன். நுழையாமல் நின்றது. அதே கம்பி பழைய ஜெட்டில் வழுக்கி என் மடியில் விழுந்தது.

சாயங்காலம் அண்ணன் செருப்பைக் கழற்றும் முன்பே இரண்டு ஜெட்டையும் கம்பியையும் அவன் கையில் திணித்தேன். "விட்டுப் பாரு" என்றேன். விட்டுப் பார்த்தான். ஒரு தடவைக்கு மூன்று தடவை விட்டுப் பார்த்தான்.

"சுத்தம் பண்றது தப்பா?" என்றான் கடைசியில்.

"சுத்தம் பண்ணலை நீ. துளை போட்டிருக்கே. அதை நீ பண்ணிட்டு, ஊர்ல போறவன் வர்றவன் கிட்டல்லாம் என் பேரைச் சொல்லியிருக்கே."

"சரி சரி. நாளைக்கு டெஸ்ட்ல பாப்போம்."

அண்ணி தண்ணீர் டம்ளரை அவன் முன்னால் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் மேசையில் இருந்தது. அன்று இரவே நான் புது ஜெட்டைப் பொருத்திவிட்டேன்.

மறுநாள் சோதனைக்காரர் சைலன்சருக்குள் குழாயைச் செருகினார். சும்மா நின்ற இன்ஜினை அளந்தார். பிறகு, "மிதிங்க மேடம்" என்றார். மிதித்தேன். இன்ஜின் ஓங்கிக் கத்தியது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். புகை இல்லை. பின்சுவர் தெளிவாகத் தெரிந்தது.

"பாஸ்" என்றார் அவர். "பழைய வண்டியை நல்லா வச்சிருக்கீங்களே."

"வாரா வாரம் நானே சுத்தம் பண்றேன் சார். அதான் விஷயம்" என்றான் அண்ணன்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இறங்கிப் போய் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஹோட்டல்காரர் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினேன்.

"சொல்லு. வண்டி இல்லைன்னு சொல்லு. யாரால கெட்டுச்சுன்னும் சொல்லு."

"எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னைக்கும் ஆள் இருந்தாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தான், சோதனைக்காரரைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான். "சார்... வண்டி பாஸாயிடுச்சு. அதனால கொடுக்கலை. அப்புறம்... தங்கச்சி ஒண்ணும் பண்ணலை சார். நான்தான் ஜெட்டைக் குத்திப் பெருசாக்கிட்டேன்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம்.

"அப்போ கதவு ஒண்ணாவது கிடைக்குமா சார்?" என்றார் ஹோட்டல்காரர்.

நான் போனை அணைத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் ஓட்டுநர் பக்கக் கதவருகே வந்து நின்றான்.

"அந்தப் பக்கம் போய் உக்காரு" என்றேன்.