எண்ணெய் முந்தியா, கேள்வி முந்தியா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தபோது அதுவே வந்து மாட்டியது. ஓமானின் கிழக்குக் கரையில், கழிமுகத்தை ஒட்டிய இந்தச் சிற்றூரில், பெயிண்டும் ரெசினும் விற்கும் கடையில் என் ஆயுளில் பாதி போய்விட்டது. வியாபாரம் இல்லாத மதியங்களில் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அவற்றின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். இது ஊருக்கே தெரியும். ஒருநாள் காபிஷ் அண்ணன் வந்து ரெசின் டின்மேல் உட்கார்ந்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். உங்கள் படகைப் பற்றித்தான் என்று விளையாட்டுக்குச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மிதக்குதா?" என்றார்.

"இன்னும் முதல் வரியே வரலண்ணே."

"வரி கிடக்கட்டும். மிதக்குதா, இல்லையா?"

விளையாட்டு வினையானது இப்படித்தான். அன்றிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: 'கடல் அவனை அழைத்தது.'

[அடித்துவிட்டேன். கடல் யாரையும் அழைப்பதில்லை. அதோடு முதல் வரைவில் 'அவன்' என்றுதான் எழுதினேன். கதைக்குள் வந்துவிட்டால் பெரியவர் சின்னவர் எல்லாரும் அவன்தான். ஆனால் ஆள் தினமும் எதிரில் வந்து உட்காரும்போது அப்படி எழுதக் கை கூசுகிறது.]

இரண்டாம் தொடக்கம்: 'ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவர், தண்ணீரில் கால் நனைக்காதவர்…'

[இது பட்டிமன்றப் பேச்சு. கைவிட்டேன்.]

உண்மையான தொடக்கம் பெருநாள் காலையில் நடந்தது. காபிஷ் அண்ணன் வீடு வீடாக நல்ல தண்ணீர் ஊற்றும் லாரியை ஓட்டி ஓய்ந்தவர். அவருடைய மனைவி ஸுவைனா அக்காவின் தம்பி மத்தர், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன். பெருநாள் அல்வாவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது காபிஷ் அண்ணன் தனக்கும் மீன் பிடிக்க ஆசை என்று சொல்லித் தொலைத்தார். மத்தர், மச்சானுக்குப் படகு கட்டினால் அதில் ஹாரன் வைக்க வேண்டியிருக்கும், மீனெல்லாம் ஒதுங்கி வழிவிடும் என்றான். கூடம் முழுக்கச் சிரிப்பு. இங்கே காபி போதும் என்றால் கோப்பையை ஆட்டிக் காட்ட வேண்டும். அண்ணன் கோபத்தில் ஆட்ட மறந்துவிட்டார். ஊற்றுகிற பையன் ஊற்றிக்கொண்டே இருந்தான், அவர் குடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் ப்ளைவுட் வாங்கினார்.

3

அவருக்குப் படகு கட்டத் தெரியாது. கைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் செய்ததைப் பார்த்து, அவர் பேசியது புரியாமல், கையசைவை மட்டும் நம்பி முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். படகின் விலா எலும்பு போன்ற வங்குகளில் ஒன்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. பிரிப்பதற்கு மனம் வராமல் அதன்மேலேயே பலகையை அடித்தார். அதனால் படகு பிறக்கும்போதே இடப்பக்கம் சாய்ந்திருந்தது, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல.

வெயிலில் நின்று முதல் வாளி ரெசினைக் கலக்கியபோது இறுக வைக்கும் திரவத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டார். வாளி புகைந்தது. பிரஷ் உள்ளேயே நட்டுக்குத்தலாக நின்று கல்லாகிவிட்டது. அதைத் தூக்கி எறியாமல் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார். வருபவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.*

(* இதனால் ஒரு சங்கடம். பிடித்துப்போன ஆளைக் கதையில் கடலுக்கு அனுப்புவது எளிதல்ல.)

அனுப்பக்கூடாது என்று சொன்னவர் ஸுவைனா அக்கா. அண்ணனுக்குச் சர்க்கரை நோய். சாப்பிட மறந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். வேலையில் இறங்கிவிட்டால் சாப்பாட்டு நினைவே அவருக்குக் கிடையாது. தனியாகக் கழிமுகம் தாண்டிப் போய், நடுக்கடலில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? அக்கா இதை அவரிடம் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் என்னிடம் வந்தார்.

"தம்பி, நீ எழுதறதுல அந்தப் படகு மூழ்கட்டும். தூரத்துல வேணாம், முழங்கால் தண்ணியில. அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. பயந்தாப் போதும்."

கணவருக்கு மிதக்க வேண்டும், மனைவிக்கு மூழ்க வேண்டும். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

4 (அல்லது 5)

ஸுவைனா அக்கா படகுக்காரர் மகள். அவர் பிறந்த வீட்டில் மரப்படகுக்குச் சுறா எண்ணெய் தடவாமல் கடலில் இறக்க மாட்டார்கள். எண்ணெய் காணாத மரம், எண்ணெய் காணாத தலையைப் போல. பார்ப்பவர்கள் வீட்டுப் பெண்களைத்தான் பேசுவார்கள். அண்ணன் ஆணி வாங்கப் போயிருந்த ஒரு காலையில், அக்கா எண்ணெயைச் சூடாக்கி, படகின் வெளிப்பக்கம் முழுவதும் உள்ளங்கையால் தேய்த்துவிட்டார். துணியால் அல்ல, கையால். அதை அவரே சொன்னார்.

நாற்றம் தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். கருவாடு காயும் ஊர் இது. இங்கே சுறா எண்ணெயின் வாசம் யார் மூக்கிலும் தனியாக ஏறாது. அண்ணனுக்கு விஷயம் தெரியும், அக்கா மறைக்கவும் இல்லை. மரம் மாமனார் படகைப்போல மினுங்குவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கு வந்து என்னிடம் சொன்னார்: "அவ கை பட்டிருச்சு. இனிக் கவலையில்ல." பிறகு அந்த எண்ணெய்க்கு மேலேயே கண்ணாடி நார்ப்பாயை விரித்து ரெசினைப் பூசினார்.

[நீங்கள் இப்போது என்னைத்தான் கேட்கிறீர்கள்: ரெசின் விற்பவன் நீ, நீயாவது சொல்லியிருக்கலாமே? அவர் இதைச் சொன்னபோது பூசி முடித்து, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்திருந்தார். மிச்சமான பெயிண்ட் டின்னைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருந்தார்.]

5 (அல்லது 4)

ஸுவைனா அக்கா கதவுக்குக் கீல் வாங்கக் கடைக்கு வந்தார். கீலைப் பார்க்காமல் ரெசின் டின் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். நான் வேறொருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பசை எண்ணெ பட்ட மரத்துல ஒட்டுமா தம்பி?"

"ஒட்டாதுக்கா. ஒட்டின மாதிரி இருக்கும். கடல் தண்ணியில அடிபட அடிபட வெயில்ல உரியற தோல் மாதிரி வந்துரும்."

அவ்வளவுதான். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன். அக்கா டின்னை இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு கீலை வாங்கிக்கொண்டு போனார்.

4, 5 பற்றி

எது முதலில் நடந்தது என்று எனக்கு நினைவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கதை இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் முந்தி, கேள்வி பிந்தி என்றால், அக்கா ஆசையாகத் தேய்த்துவிட்டார். பிறகு எங்கிருந்தோ ஒரு சந்தேகம் வந்து ஓடிவந்து கேட்டார். என் பதில் அவருக்கு இடி விழுந்தது மாதிரி இருந்திருக்கும். கேள்வி முந்தி என்றால்? ஒட்டாது என்று தெரிந்துகொண்டுதான் எண்ணெயைச் சூடாக்கினார். முழங்கால் தண்ணீரில் மூழ்கடிக்க என்னை நம்பிப் பயனில்லை என்று அவரே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரு வரிசையில் அவர் பாவம். மறு வரிசையில் அவர் கெட்டிக்காரி. அதே உள்ளங்கை, அதே எண்ணெய்.

இரண்டு வகையாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன, அதுதான் கொடுமை. அக்கா கேள்வி கேட்ட அன்றைக்கு நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன், ஆகவே நோன்பு மாதம் இல்லை என்று ஒரு துப்புக் கிடைத்தது. பிறகுதான் உறைத்தது, எண்ணெய் தடவியதும் நோன்பு மாதத்தில் இல்லை. அன்று கடையில் ஆணி வாங்கியவரைப் பிடித்து விசாரித்தேன். வாரா வாரம் வாங்குகிறேன், எந்த ஆணியைக் கேட்கிறாய் என்றார். அக்காவிடமே கேட்டுவிடலாம். எப்படிக் கேட்பது? 'நீங்கள் அவரைக் காப்பாற்றப் படகைக் கெடுத்தீர்களா, அல்லது ஆசையில் கெடுத்தீர்களா?' இதைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை.

6

படகைப் பார்க்க அண்ணன் என்னை முற்றத்துக்கு அழைத்தார். நான் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். நார்ப்பாய் மரத்தைப் பிடித்திருந்தால் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும். முன்பக்கம், அணியத்தில் அப்படித்தான் கேட்டது. நடுவில், இடப்பக்கம், அடிமரத்துக்குப் பக்கத்தில் டொப் என்றது. இன்னும் ஒருமுறை தட்டினேன். டொப்.

"என்ன, தர்பூசணியா வாங்கற?" என்றார் அண்ணன். "பழுத்திருக்கா?"

சமையலறை வாசலில் ஸுவைனா அக்கா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டிய கையைப் பார்த்தார். இங்கே உள்ளே காற்று நிற்கிறது என்று நான் சொன்னால் அண்ணனின் அடுத்த கேள்வி ஏன் என்பதாக இருக்கும். ஏன் என்பதற்குப் பதில் வாசலில் நிற்கிறது. அவ கை பட்டிருச்சு, இனிக் கவலையில்ல என்று சொன்ன மனிதரிடம் அந்தக் கையைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியவில்லை. பெயிண்ட் இன்னும் காயணும் என்று ஏதோ உளறிவிட்டு வந்தேன்.

[கோழை என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியட்டும்.]

7

கடல் ஏற்றம் பார்த்து, முற்பகலில் படகை இறக்கினார்கள். மத்தர் ஆட்களோடு வந்திருந்தான். பேரீச்சை மரத்தண்டுகளைக் கீழே போட்டு உருட்டினார்கள். ஒருவர் சாம்பிராணிப் புகையைப் படகைச் சுற்றிக் காட்டினார். காபிஷ் அண்ணன் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. படகு தண்ணீரில் வழுக்கி இறங்கியது, ஆடியது, நின்றது. இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. மத்தர்கூட. அவன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்தால் நேராகிவிடும் மச்சான் என்றான். கேலியாகச் சொல்லவில்லை. படகுக்காரன் படகுக்காரனிடம் பேசுவதுபோலச் சொன்னான். அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ஸுவைனா அக்கா அபாயா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்து படகில் ஏறினார். வலப்பக்கம் உட்கார்ந்தார். தோளில் பேரீச்சம்பழப் பை. மடியில் ஒரு பானை.

"நீ எதுக்கு?" என்றார் அண்ணன்.

"சாயுதே. யாராவது உக்காரணும்ல."

"பானை எதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"மீன் போட," என்றார்.

அது கல்யாணச் சோறு வடிக்கிற பானை. அந்த வீட்டிலேயே பெரியது. படகுக்காரர் மகளுக்கு மீன் கூடையில் போடுவது என்று தெரியும். பானை எதை மொண்டு வெளியே ஊற்ற என்றும் தெரியும்.

இத்தனை நாள் நான் எந்த நாள் முந்தி, எந்த நாள் பிந்தி என்று மண்டையை உடைத்துக்கொண்டது வீண். 4, 5 என்று வையுங்கள், 5, 4 என்று வையுங்கள். இரண்டும் 7க்கு முன்னால்தான் வருகின்றன. ஏறி உட்காரும்போது அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன், தலையை நிமிர்த்தாமல்.

முடிவுகள்

ஒன்று: கழிமுகத்தைத் தாண்டுவதற்குள் அடித்தோல் உரிகிறது, அவர் ஓட்ட, அக்கா மொள்ள, திரும்பி வருகிறார்கள், மத்தர் கேலி செய்ய வாய் திறக்கிறான், ஆனால்…

இரண்டு: ரெசின் பிடித்திருந்தது. டொப் என்றது என் காதின் கோளாறு. நடுக்கடலில் அண்ணனுக்குக் கண் இருட்டுகிறது, அக்கா ஒரு பேரீச்சம்பழத்தை…

மூன்று: நான் இப்போதே வாயைத் திறந்து…

மூன்றையும் பாதியில் விட்டேன். ஏனென்றால் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்திருக்கிறார்கள், நான் முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன், இஞ்சின் உறுமுகிறது. காபிஷ் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சத்தமாகக் கேட்கிறார்:

"கதைக்காரா, மிதக்குதா?"

இனி நீங்கள் சொல்லுங்கள். கயிற்றை விடுவதானால் விடுங்கள், இழுத்துப் பிடிப்பதானால் பிடியுங்கள். அவரை மூழ்கடித்தாலும், கரை சேர்த்தாலும், உங்கள் இஷ்டம். அந்த அம்மாள் மடியிலிருந்து பானையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.